மரக்கன்று விழாக்களுக்கு எதிராக

தமிழ்நாட்டுச் சமவெளியின் பெரும்பகுதியில் ஒரு மரக்கன்றை மண்ணில் ஊன்றுவதற்கு ஆண்டிலேயே மிகப் பொருத்தமற்ற வாரங்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அந்த வாரத்தில் பள்ளிப் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தி, நாம் அவர்களுக்கு இயற்கையைக் கற்பித்துக்கொண்டிருக்கிறோம். ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள். அக்னி நட்சத்திரம் முடிந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். கிணற்றில் நீர் அடியில் கிடக்கும்; தரையில் கடப்பாறை இறங்க மறுக்கும்; வறண்ட மேல்காற்று வீசத் தொடங்கியிருக்கும். நம் மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதியைத் தருகிற வடகிழக்குப் பருவமழை வந்துசேர ஐப்பசி வரை, அதாவது நான்கு மாதங்களுக்கு மேல், காத்திருக்க வேண்டும். இடையில் எப்போதாவது மாலையில் இடித்துப் பெய்யும் மழையையும், யாரோ ஒருவருடைய இரக்கத்தையும் நம்பி அந்தக் கன்று விடப்படுகிறது.

இந்த நாள் நமக்கு எங்கிருந்து வந்தது? ஐக்கிய நாடுகள் அவையின் சூழல் மாநாடு 1972ஆம் ஆண்டு ஜூன் 5 அன்று ஸ்டாக்ஹோமில் தொடங்கியது. அதன் நினைவாக 1973 முதல் உலகெங்கும் அந்த நாள் கொண்டாடப்படுகிறது. மாநாடு கூடிய தேதிக்கும் மன்னார்குடி மண்ணின் ஈரத்துக்கும் எந்த உறவும் இல்லை. இன்னொரு விழாவும் உண்டு. மத்திய உணவு, வேளாண்மை அமைச்சராக இருந்த கே. எம். முன்ஷி 1950இல் தொடங்கிவைத்த வனமகோத்சவம் அது. ஜூலை முதல் வாரத்தில் வருவது. பம்பாய்க்கும் குஜராத்துக்கும் தில்லிக்கும் சரியான வாரம். தென்மேற்குப் பருவமழை அப்போது அங்கே இறங்கியிருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் நமக்கோ, குமரி, நீலகிரி, வால்பாறை, தென்காசியின் மலையடிவாரம் போன்ற சில பகுதிகளை விலக்கிவிட்டால், அது காற்றும் புழுதியுமான காலம்.

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்ற பழமொழியை யாரேனும் நினைவூட்டக்கூடும். அது விதையைப் பற்றிய சொல். நாள்தோறும் வயலில் கால்வைக்கிற ஒருவனுக்குச் சொல்லப்பட்டது. நெகிழிப்பையில் வேர் சுருண்டு கிடந்த கன்றைக் குழியில் வைத்துவிட்டு மாலைக்குள் ஊர் திரும்பிவிடும் சிறப்பு விருந்தினருக்குச் சொல்லப்பட்டதன்று.

தேதி மட்டுமே நம் குறை என்றால் ஒரு சுற்றறிக்கையில் அதைத் திருத்திவிடலாம். ஆனால் அந்தத் தேதி வேறொன்றைக் காட்டிக்கொடுக்கிறது. மரம் நடும் விழாவைத் திட்டமிடும் எவரும் வானத்தையோ மண்ணையோ கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்ற எண்ணமே எழுவதில்லை. பிள்ளைகள் அங்கே கற்கும் முதற்பாடம் இதுதான்: இயற்கையைப் பற்றிய காரியத்தை இயற்கையைக் கேளாமலே செய்துவிடலாம்.

விழாவில் என்ன நடக்கிறது என்பதை வாசகர்கள் அறிவார்கள். குழியை முந்தின நாளே யாரோ தோண்டிவைத்திருப்பார்கள். கன்று வனத்துறையின் நாற்றங்காலிலிருந்தோ ஏதோ ஒரு தொண்டு நிறுவனத்தின் வண்டியிலிருந்தோ வந்து இறங்கும். அது என்ன மரம் என்று பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. பல வேளைகளில் சொல்ல வேண்டியவர்களுக்கே தெரிவதில்லை. விருந்தினர் கன்றைப் பிடித்துக்கொள்ள, சுற்றி நிற்கும் ஆறேழு பிள்ளைகள் எட்டிக் கையை நீட்டி ஓர் இலையையாவது தொட்டுக்கொள்ள, படம் எடுக்கப்படும். பூவாளியில் நீர் ஊற்றப்படும். அதற்கும் படம். பிறகு கைதட்டல், உறுதிமொழி, மிட்டாய். பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்புவார்கள். குழி தோண்டாத, விதை காணாத, பெயர் அறியாத, மறுநாள் வந்து பார்க்கக் கேட்டுக்கொள்ளப்படாத அந்தப் பிள்ளை அங்கே என்ன செய்தது? படத்தில் நின்றது. இதைத்தான் செயல்வழிக் கல்வி என்று ஆண்டறிக்கையில் எழுதிக்கொள்கிறோம். அடுத்த ஆண்டு அதே குழியில் வேறொரு கன்று நடப்படுவதையும் வாசகர்கள் அறிவார்கள்.

இது பள்ளிக்கூடத்தோடு நிற்கும் நோய் அன்று. உத்தரப் பிரதேச அரசு 2016 ஜூலை 11 அன்று ஒரே நாளில் ஏறத்தாழ 5 கோடிக் கன்றுகளை நட்டதாக அறிவித்தது. மறு ஆண்டு ஜூலை 2 அன்று மத்தியப் பிரதேசம் 12 மணி நேரத்தில் 6 கோடிக்கு மேல் நட்டதாக அறிவித்து அதை முறியடித்தது. ஒன்றிய அரசு 2024 ஜூன் 5 அன்று தொடங்கிய 'அன்னையின் பெயரில் ஒரு மரம்' இயக்கத்தில் பள்ளிகளும் சேர்க்கப்பட்டன. கன்றோடு எடுத்த படத்தை இணையத்தில் ஏற்றச் சொன்னார்கள். எங்கும் எண்ணப்படுவது நட்டவை. பிழைத்தவற்றை எண்ணுவதற்கு விழா இல்லை, மேடை இல்லை, சாதனைப் புத்தகமும் இல்லை.

பிழைத்ததை எண்ணியவர்களும் இவ்வுலகில் உண்டு. கென்யாவில் 1977இல் வங்காரி மாத்தாய் தொடங்கிய பசுமைப் பட்டை இயக்கம், கன்று வளர்த்த கிராமத்துப் பெண்களுக்குச் சிறு தொகை கொடுத்தது. நட்டதற்காகக் கொடுக்கவில்லை, கன்று உயிரோடு நிலைத்ததற்காகக் கொடுத்தது. கர்நாடகத்தில் ஹுலிகல் முதல் குதூர் வரையிலான சாலையோரத்தில் ஆலமரங்களை வளர்த்த சாலுமரத திம்மக்கா 2025இல் மறைந்தபோது எல்லா ஏடுகளும் அவர் 'நட்ட' மரங்களைப் பற்றி எழுதின. அவரும் அவர் கணவரும் செய்த பெருங்காரியம் நட்டதில் இல்லை. குடங்களில் நீர் சுமந்துபோய் ஊற்றியதிலும், ஆடுமாடு வாய்வைக்காதபடி முள்வேலி கட்டியதிலும், அதைப் பல ஆண்டுகள் விடாமல் செய்ததிலும் இருக்கிறது. நடுவது ஒரு நாழிகை வேலை. அந்த நாழிகையை மட்டும் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, கல்வி நிகழ்கிற மீதி ஆண்டுகளை அவர்களிடமிருந்து பறித்துவிடுகிறோம் என்பதே நம் குற்றச்சாட்டு.

'ஏதோ நாலு கன்றாவது நடுகிறார்களே, அதையும் ஏன் கெடுக்கிறீர்கள்?' என்று கேட்கும் நல்லவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நம் பதில் கொஞ்சம் கசப்பானது. எங்கும், எதையும், எப்போதும் நடுவது நன்மை என்று நம்பி வளர்ந்தவர்களால் இந்த நாட்டுக்கு நேர்ந்திருக்கும் கேடு சிறிதன்று. சீமைக்கருவேலம் தானாக நடந்து இராமநாதபுரத்துக்கு வரவில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, பின்னர் வறண்ட மாவட்டங்களின் விறகுப் பஞ்சத்தைத் தீர்க்கவென்று நல்லெண்ணத்தோடு பரப்பப்பட்டது. இன்று கண்மாய்களை அடைத்து நிற்கும் அதனை அகற்றச்சொல்லி வழக்கு உயர் நீதிமன்றம் வரை போயிற்று. நீலகிரியின் மேட்டுப் புல்வெளிகளைப் பார்த்த வெள்ளைக்காரர்கள் அவற்றை வெற்றுநிலம் என்று எண்ணினார்கள். தைலமரமும் சீகை மரமும் நடப்பட்டன. சுதந்திரத்துக்குப் பிறகு நம்மவர்களும் அதையே பெருக்கினார்கள். மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு ஓடைகளுக்கு மெல்லமெல்ல விட்டுக்கொடுத்த புல்வெளி, நம் மாநில விலங்கான வரையாடு மேய்ந்த புல்வெளி, மரமில்லாக் குற்றத்துக்காக அழிக்கப்பட்டது. கோடியக்கரையில் வெளிமானுக்கு வேண்டியது திறந்த புல்தரை. அங்கே சீமைக்கருவேலம் ஏறி மூட மூட மானின் இடம் சுருங்குகிறது.

இந்தக் கேடுகளைச் செய்தவர்கள் கொடியவர்கள் அல்லர். பசுமையாக இருப்பதெல்லாம் நல்லது, மரமில்லாத இடமெல்லாம் பாழ் என்ற பாடத்தை நன்றாகப் படித்தவர்கள். அதே பாடத்தை இன்றும் நாம் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குச் சுவரில் எழுதிக்காட்டுகிறோம். தமிழ்நாட்டின் காட்டையும் மரப்பரப்பையும் 33 விழுக்காடாக உயர்த்தும் நோக்கத்தோடு 2022இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கப்பட்டது. நோக்கம் நல்லது. எந்த நிலத்தில் எந்த மரம், எந்த நிலத்தில் மரமே வேண்டாம் என்று பகுத்துச்சொல்லும் தலைமுறை ஒன்று அதற்கு வேண்டும். கன்றைத் தொட்டுப் படமெடுத்துக்கொண்ட தலைமுறையால் அது ஆகாது.

இலக்கிய வாசகர்களிடம் இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. நற்றிணையின் 172ஆம் பாட்டு பலரும் அறிந்தது. தோழியரோடு விளையாடும் சிறுமியர் புன்னை விதையொன்றை வெண்மணலில் அழுத்திவிட்டு மறந்துபோகிறார்கள். அது முளைக்கிறது. நெய் கலந்த பாலை ஊற்றி அதை வளர்க்கிறார்கள். இது உங்களைவிடச் சிறந்தவள், உங்களுக்குத் தங்கை என்கிறாள் தாய். வளர்ந்து பெண்ணான பிறகு, அந்தப் புன்னையின் நிழலில் காதலனோடு நகைத்துப் பேச அவளுக்கு நாணமாயிருக்கிறது. வகுப்பில் இந்தப் பாட்டின் திணை, துறை, பொருள் எல்லாம் கற்பிக்கப்படுகின்றன. இதில் ஒரு கல்விமுறை இருக்கிறது என்பதை மட்டும் நாம் கவனிப்பதில்லை. விதை பிள்ளையின் கையிலிருந்து மண்ணுக்குப் போகிறது. முளைத்தது ஒரு வியப்பாக வருகிறது. ஊற்றுவது நாள்தோறும் நடக்கிறது. பெரியவள் ஒருத்தி அதற்கு ஓர் உறவின் பெயரைத் தருகிறாள். மரமும் பெண்ணும் சேர்ந்து வளர்கிறார்கள். இவற்றில் ஒன்றுகூட ஜூன் 5 காலை பத்து மணிக்கும் பதினொன்றுக்கும் இடையில் நடக்கக்கூடியதன்று.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களின் பெயர்களை அடுக்குகிறார். அதை ஒப்பிக்கும் போட்டி வைத்துப் பரிசும் கொடுக்கிறோம். பரிசு பெற்ற பிள்ளையைப் பள்ளி மதிலுக்கு வெளியே கூட்டிப்போய் அவற்றுள் பத்தை அடையாளம் காட்டச் சொன்னால் என்ன ஆகும்? தும்பையும் ஆவிரையும் காலடியில் நிற்கும். பிள்ளை அவற்றைச் செடி என்று சொல்லும். பெயரை இழந்த உயிர் கண்ணிலிருந்தும் மறைந்துவிடுகிறது. அ. மாதவையாவின் மகனான மா. கிருஷ்ணன் தமிழில் எழுதிய இயற்கைக் கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்தளித்தார். தான் பார்த்த பறவையைப் பற்றியே எழுதிய ஒருவரின் உரைநடை எவ்வளவு துல்லியமாக இருக்கும் என்பதற்கு அக்கட்டுரைகள் சான்று. அந்த மரபு ஏன் நம்மிடையே ஓடையாகக்கூட ஓடவில்லை? பார்க்கப் பழக்காத பள்ளியிலிருந்து பார்த்து எழுதுகிறவன் எப்படி வருவான்? நம் புதுக்கவிதையில் 'பெயர் தெரியாப் பறவை'களும் 'ஏதோ ஒரு மர'மும் இத்தனை நெருக்கமாக வந்து அமர்ந்திருப்பதற்கும் நம் பள்ளிகளுக்கும் தொடர்பு இருக்கிறது என்றே நாம் கருதுகிறோம்.

சரி, வேறு எப்படிக் கற்பிப்பது? இதற்குப் பெருநிதியோ வெளிநாட்டு நிபுணரோ வேண்டியதில்லை. தமிழ் மாதங்களைத் தெரிந்த ஒருவர் போதும்.

ஜூனில் பள்ளி திறக்கும்போது வேப்பம்பழம் உதிரத் தொடங்கியிருக்கும். நாவலும் பழுத்திருக்கும். அதுதான் விதை பொறுக்கும் காலம். வேப்பவிதை பறித்த சில வாரங்களிலேயே முளைப்புத்திறனை இழக்கத் தொடங்கும். நாவல் கொட்டையும் காய்ந்தால் வீண். இதைப் பாடமாகச் சொல்ல வேண்டாம். இன்று பத்துக் கொட்டை, இரண்டு மாதம் கழித்துப் பத்துக் கொட்டை என்று பிள்ளைகளே விதைத்து எண்ணிப் பார்க்கட்டும். நாவலின் ஒரே கொட்டையிலிருந்து சில வேளை இரண்டு மூன்று முளைகள் எழும். ஏன் என்று அவர்கள் கேட்பார்கள். கேள்வி பிறந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. காலிப் பால் உறைகளில் மண்ணும் சாணமும் நிரப்பி இக்கன்றுகளைப் பள்ளியிலேயே வளர்க்கலாம்.

ஆடி, ஆவணியில் பனம்பழம் விழும். கொட்டைகளை மண்ணில் பரப்பிப் புதைத்துவைத்தால் தைப்பொங்கலுக்குக் கிழங்கு எடுக்கலாம். பனையின் முளை மேலே வராமல் முதலில் கீழ்நோக்கி இறங்குவதை ஒவ்வொரு வாரமும் ஒரு கொட்டையைத் தோண்டிப்பார்த்தே அறியலாம். கிழங்கை அவித்துத் தின்ற பிள்ளைக்கும், பனை நம் மாநில மரம் என்று ஒரு மதிப்பெண்ணுக்கு எழுதிய பிள்ளைக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கவேண்டியதில்லை. ஐப்பசியில் நல்ல மழை இரண்டு பெய்தபின், வேம்பும் நாவலும் தரைக்குப் போகட்டும். அந்த நாளில் வேண்டுமானால் விழா வைத்துக்கொள்ளலாம். விழாவுக்கு நாம் எதிரி அல்லோம். சாந்திநிகேதனில் தாகூர் 1928இல் தொடங்கிய மரநடு விழா மழைக்காலத்தில் நடந்தது. ஆண்டு முழுவதும் மரத்தடியில் அமர்ந்து படிக்கிற பிள்ளைகள் அதைக் கொண்டாடினார்கள். கொண்டாட அவர்களிடம் ஏதோ இருந்தது.

பங்குனி, சித்திரையில்தான் உண்மையான தேர்வு. பள்ளிக்குப் பூட்டுப் போட்டுவிடுகிறோம். மதிலுக்குள் கன்றுகள் காய்கின்றன. முறைவைத்து வந்து நீரூற்ற நாலு பிள்ளைகளுக்கு வாயில் திறந்துவிடப்படுமா என்பதில் அந்தப் பள்ளியின் சூழல் கல்வி முழுவதும் அடங்கியிருக்கிறது. சத்துணவு உண்ட தட்டைக் கழுவும் நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, ஒரு வாய்க்கால் வெட்டினால் ஆண்டின் மற்ற மாதங்களுக்கு அதுவே போதும். அந்த வாய்க்காலைப் பிள்ளைகள் வெட்டினால் தரையின் சரிவும் நீரின் போக்கும் புத்தகமின்றிப் புரிந்துவிடும்.

இறந்த கன்றுகளுக்கும் ஒரு பதிவேடு வேண்டும். எது, எப்போது, எதனால் செத்தது? ஆடு கடித்ததா, கறையான் ஏறியதா, நீர் தேங்கி வேர் அழுகியதா, யாரும் வரவில்லையா? விழாக் கல்வியில் சாவுக்கு இடமில்லை. அங்கே எல்லாக் கன்றும் படத்தில் என்றென்றும் பச்சையாக நிற்கிறது. ஒரு கன்று சாவதைப் பார்த்து அதற்குக் காரணம் தேடிய பிள்ளை, மரம் என்பது எவ்வளவு அரிய வெற்றி என்று அறிந்துகொள்கிறது.

பார்ப்பதற்கு நட வேண்டும் என்றுகூட இல்லை. 2010இல் தொடங்கிய சீசன்வாட்ச் என்ற திட்டத்தில் கேரளப் பள்ளிப் பிள்ளைகள் பெருமளவில் பங்கேற்றார்கள். செய்ய வேண்டியது எளியது: ஏற்கெனவே நிற்கும் ஒரு மரத்தைத் தேர்ந்துகொண்டு, வாரந்தோறும் அதில் தளிர் உண்டா, பூ உண்டா, காய் உண்டா என்று குறிக்க வேண்டும். விஷுவுக்குப் பூக்க வேண்டிய கொன்றை எப்போது பூக்கிறது என்பதை அந்தப் பிள்ளைகள் கேள்விப்பட்டு அறியவில்லை, பார்த்துக் குறித்து அறிந்தார்கள். பருவநிலை மாற்றம் என்ற பெருஞ்சொல்லுக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் எது?

நம் பள்ளிகளில் நடப்பது இதற்கு நேர்மாறு. தூய்மைப் பணி என்று எருக்கஞ்செடியை வேரோடு பிடுங்கி எறிந்துவிட்டு, அந்த மதிலில் வண்ணத்துப்பூச்சி ஓவியம் தீட்டுகிறார்கள். வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சி முட்டையிடுவது எருக்கில். அதன் வரிவரியான புழு தின்பது எருக்கிலையை. கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் பறவை எச்சம்போல ஒட்டிக்கிடக்கும் புழுவும் நாளை பறக்கப்போவதுதான். அதைப் பூச்சி என்று மருந்தடித்துக் கொல்கிறோம். தமிழ் மறவன் 2019இல் நம் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்டது என்பது பொது அறிவுக் கேள்வியாகிவிட்டது. புழு கேள்வித்தாளில் வராது.

இங்கே ஒரு கடுமையான எதிர்ப்பை நாம் நேர்மையாகச் சந்திக்க வேண்டும். 'எங்கள் பிள்ளையைப் படிக்க அனுப்பினோமா, மண் சுமக்க அனுப்பினோமா?' என்று கேட்கும் பெற்றோரை அறியாதவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. தமிழ்நாட்டில் அந்தக் கேள்விக்கு வரலாறு இருக்கிறது. ராஜாஜி 1953இல் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியில் படித்துவிட்டு மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று பெரியாரும் திராவிட இயக்கமும் அதை எதிர்த்துப் போராடினார்கள். ராஜாஜி 1954இல் பதவி விலகினார். காமராசர் ஆட்சி திட்டத்தைக் கைவிட்டது. கைவேலை என்று சொன்னதும் நம் மக்களுக்குச் சாதி நினைவுக்கு வருவது நியாயமே. இன்றும் பள்ளிக் கழிப்பறையைக் கழுவத் தலித் பிள்ளைகள் ஏவப்பட்ட செய்திகள் வந்தவண்ணம் இருக்கின்றன. பள்ளித் தோட்டத்தில் குடம் சுமப்பது யார், விருந்தினருக்கு மாலை போடுவது யார் என்று பார்த்தால் அங்கேயும் அதே பிளவு தெரியக்கூடும்.

இதற்கு விடை, கையை மண்ணிலிருந்து எல்லாருமே விலக்கிக்கொள்வது அன்று. எல்லாக் கைகளும் மண்ணுக்கு வர வேண்டும். முறை வைத்து, பெயர் எழுதி ஒட்டி, வகுப்பின் முதல் மாணவியும், ஊர்ப் பெரியவரின் மகனும், ஆசிரியரும் அதே குடத்தைத் தூக்க வேண்டும். 1937இல் வார்தா மாநாட்டில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி தளர்ந்ததற்கு ஒரு காரணம், அது ஏழைப் பிள்ளைகளுக்கான கல்வி என்று மற்றவர்கள் ஒதுங்கிக்கொண்டதுதான். வசதி படைத்தவர்கள் ஒதுங்கிப்போன இடமோ கிண்டர்கார்டன். அச்சொல்லுக்கே குழந்தைகளின் தோட்டம் என்றுதான் பொருள். 1840இல் அப்பெயரைச் சூட்டிய ஃப்ரோபெல் இளமையில் வனத்தொழில் பயின்றவர். ஒவ்வொரு குழந்தைக்கும் சொந்தமாக ஒரு பாத்தி வேண்டும் என்றவர். இன்று அந்தப் பெயர்ப்பலகைக்குக் கீழே பிளாஸ்டிக் புல் விரித்திருக்கிறார்கள்.

சாதியின் இன்னொரு முகம் அறிவைப் பற்றியது. ஆடு மேய்க்கும் வீட்டுப் பிள்ளை எந்தத் தழையை ஆடு தின்னும், எதைத் தின்றால் வயிறு ஊதும் என்று அறிந்துதான் பள்ளிக்கு வருகிறது. நாம் அதற்குத் தாவரங்கள் மூவகை என்று கற்பித்து, அது அறிந்ததை எல்லாம் அறியாமை என்று உணரவைக்கிறோம். இருளர் சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பாம்பின் தடத்தை மண்ணில் வாசிக்கத் தெரிந்த அவர்களை அமெரிக்காவின் ஃபுளோரிடா வரை மலைப்பாம்பு பிடிக்க அழைத்துப்போனார்கள். அந்த அறிவுக்கு நாடு விருது தரும். அதே சமூகத்துப் பிள்ளை உட்கார்ந்திருக்கும் வகுப்பறை ஒரு பாடவேளைகூடத் தராது. வாரத்தில் ஒரு மணி நேரம் ஊரின் ஒரு பாட்டியோ, மேய்ப்பரோ, பனையேறியோ வகுப்பெடுக்கட்டும். அன்றைக்கு வகுப்பின் கடைசி வரிசை முதல் வரிசையாகும்.

ஆசிரியர்களுக்கு நேரம் எங்கே என்று கேட்பார்கள். உண்மை. அவர்கள்மீது நமக்குக் கோபம் இல்லை. சூழல் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991இல் சொன்னது. 2001இல் தேசியப் பசுமைப்படை வந்தது. ஒவ்வொன்றும் வந்துசேர்ந்தபோது ஒரு பாடப்புத்தகமாகவும், ஒரு பதிவேடாகவும், அனுப்பவேண்டிய இன்னொரு படமாகவும் மாறி ஆசிரியரின் தலையில் ஏறியது. நாம் கேட்பது கூடுதல் வேலையை அன்று. விழாவையும் அதன் அறிக்கையையும் போட்டியையும் பதாகையையும் நிறுத்தினால் மிஞ்சும் நேரமே போதுமானது. ஆசிரியருக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்பதுமில்லை. சிறுவன் சாலிம் அலி தான் சுட்ட குருவியின் கழுத்தில் மஞ்சள் இருக்கிறதே என்று கேட்டுப்போனபோது, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் மில்லார்ட் பதிலோடு நிறுத்தாமல் அலமாரி இழுப்பறைகளைத் திறந்து குருவிகளை வரிசையாகக் காட்டினார். எனக்கும் தெரியாது, வா பார்ப்போம் என்று சொல்லத் துணிந்த ஆசிரியர் ஒருவர் பத்துப் பாடநூல்களுக்குச் சமம்.

ஆகவே நம் கோரிக்கைகள் குறைவு. சமவெளிப் பள்ளிகளில் ஜூனிலும் ஜூலையிலும் கன்று நடுவதை நிறுத்துங்கள். அப்போது விதை பொறுக்குங்கள். பள்ளியில் விதையிட்டு முளைக்கவைக்காத எதையும் பிள்ளைகளின் பெயரில் நடாதீர்கள். நூறு நடுவதற்குப் பதில் ஐந்து நட்டு மூன்றாண்டு காப்பாற்றுங்கள். கோடை விடுமுறையில் வாயிலைத் திறந்துவையுங்கள். மதிலோரத்து எருக்கை விட்டுவையுங்கள். வரும் ஜூன் 5 அன்று விருந்தினரை அழைத்தே தீர வேண்டுமென்றால் அழையுங்கள். அவர் கையில் கன்றைக் கொடுக்க வேண்டாம். நிழலில் ஒரு நாற்காலி போட்டு அமரவைத்து, சென்ற ஆண்டு நட்டவை எத்தனை, இன்று நிற்பவை எத்தனை, செத்தவை எதனால் செத்தன என்று பிள்ளைகள் பதிவேட்டைப் பார்த்துப் படிப்பதை முழுவதும் கேட்கச் செய்யுங்கள்.